ரஸ்ட் மொழியில் பிழை கையாளல்: ஒரு கேள்விக்குறி செய்வதும் செய்யாததும்

ஒரு நிரல்மொழியை மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தையும் நினைவகப் பாதுகாப்பையும் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மொழியில் எழுதப்பட்ட மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பராமரிக்க வேண்டியவருக்கு அன்றாடம் எதிர்ப்படுவது வேறொரு பகுதி: கோப்பு திறக்க மறுக்கும்போதும், வலையிணைப்பு பாதியில் அறுந்துபோகும்போதும், எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்து நிற்கும்போதும் அந்த மொழி என்ன செய்யச் சொல்கிறது என்பது. இந்த மதிப்பாய்வு ரஸ்ட் மொழியின் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மொழியோடு வரும் ரிசல்ட் வகை, கேள்விக்குறிச் செயற்குறி, பேனிக் ஆகியவற்றையும், பெரும்பாலான ரஸ்ட் திட்டங்களில் பழக்கமாகச் சேர்க்கப்படும் எனிஹவ், திஸ்எரர் என்னும் இரண்டு கிரேட்டுகளையும் (கிரேட் என்பது ரஸ்ட் நூலகத் தொகுப்பு) ஒரே கருவித்தொகுப்பாகக் கருதியே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிழையைக் கவனிக்காமல் விட்டுவிடுவதை இந்த மொழி மிகக் கடினமாக்கியிருக்கிறது. அது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பிழை எந்த வேலையின் நடுவே, எந்தக் கோப்பின்மேல் நேர்ந்தது என்பதைச் சொல்லும் பொறுப்பை அது முழுவதுமாக நிரலரிடம் விட்டுவிட்டது. அவர் அதைச் செய்யாமல் கடந்துபோக வழியையும் அதுவே சுருக்கிக் கொடுத்திருக்கிறது.

சி மொழியில் பழகியவர்களுக்கு இந்தக் கருவித்தொகுப்பின் அருமை உடனே விளங்கும். அங்கே ஒரு செயற்கூறு தோற்றால் கழித்தல் ஒன்றையோ வெற்றுச் சுட்டியையோ திருப்பித் தரும். காரணத்தை எர்நோ என்னும் மாறியில் எழுதி வைக்கும். அழைத்தவர் அந்தத் திருப்புமதிப்பைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பார்ப்பதற்குள் இன்னொரு அழைப்பு நடந்துவிட்டால் எர்நோவில் இருந்த காரணம் அழிந்து வேறொன்று வந்து அமர்ந்துவிடக்கூடும். கோப்பை மூடும் அழைப்பின் திருப்புமதிப்பைச் சோதிக்கும் சி நிரல் எவ்வளவு அரிது என்பது அத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிழையை ஓரிடத்தில் எறிந்து வேறிடத்தில் பிடிக்கும் சி++ மொழியின் எக்ஸெப்ஷன் முறை இந்தக் கவனக்குறைவுக்கு விடை தந்தது என்றாலும், எந்த வரியிலிருந்து எது எறியப்படும் என்பதைச் செயற்கூறின் கையொப்பத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலையை உண்டாக்கியது. அதன் செலவுக் கணக்கை முன்கூட்டிச் சொல்ல முடியாததால் பல நிறுவனங்கள் தங்கள் சி++ நிரல்களில் எக்ஸெப்ஷனையே தடைசெய்து வைத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டுத் தரத்தில் சி++ மொழிக்குள்ளும் எக்ஸ்பெக்டட் என்னும் வகை நுழைந்திருப்பது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக் காட்டுகிறது.

ரஸ்ட் இரண்டு வழியையும் எடுக்கவில்லை. 2015ஆம் ஆண்டு மே மாதம் 1.0 பதிப்பு வந்தபோதே, தோற்கக்கூடிய செயற்கூறு அனைத்தும் ரிசல்ட் என்னும் வகையைத் திருப்பித் தரும் என்பது வழக்கமாகியிருந்தது. அந்த வகைக்கு இரண்டே வடிவங்கள் உண்டு. வெற்றி என்றால் ஓகே, அதனுள் மதிப்பு. தோல்வி என்றால் எர், அதனுள் பிழை. மதிப்பு வேண்டுமானால் உறையைப் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்கும்போது தோல்விக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கம்பைலர் கேட்கும். மதிப்பே தேவைப்படாத அழைப்புகளில், எடுத்துக்காட்டாக ஒரு கோப்பில் எழுதிவிட்டு விளைவைப் பாராமல் அடுத்த வரிக்குப் போனால், பயன்படுத்தப்படாத ரிசல்ட் இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். அது எச்சரிக்கைதான், தொகுப்பு நின்றுவிடுவதில்லை. விளைவை அடிக்கோட்டுக் குறிக்கு (_) ஒதுக்கி அந்த எச்சரிக்கையை வாயடைக்கவும் முடியும். ஆனால் அப்படி வாயடைத்த இடம் நிரலில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்கும் என்பதும், மறுஆய்வு செய்பவர் அதைச் சுட்டிக் கேள்வி கேட்க முடியும் என்பதும்தான் இங்கே கிடைக்கும் நன்மை. சி நிரலில் விடுபட்ட சோதனை எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. இல்லாத ஒன்றை மறுஆய்வில் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

இனிக் கேள்விக்குறி. தொடக்கப் பதிப்புகளில் பிழையை மேலே கடத்த டிரை என்னும் மேக்ரோவைப் பயன்படுத்தினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அழைப்புகள் அடுக்கப்படும்போது அடைப்புக்குறிகள் பெருகி, நிரலை உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டியிருந்தது. 2016 நவம்பரில் வெளியான 1.13 பதிப்பு, அந்த மேக்ரோ செய்த வேலையை அழைப்பின் பின்னால் இடும் ஒற்றைக் கேள்விக்குறிக்கு மாற்றியது. வெற்றியானால் உள்ளே இருக்கும் மதிப்பை எடுத்துக்கொடுத்து நிரல் தொடரும். தோல்வியானால் செயற்கூறு அந்த இடத்திலேயே பிழையைத் திருப்பிக் கொடுத்து முடிந்துவிடும். ஓர் ஆண்டு கழித்து 1.22 பதிப்பில், மதிப்பு இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம் என்பதைக் குறிக்கும் ஆப்ஷன் வகைக்கும், 2018 மே மாதம் 1.26 பதிப்பில் மெயின் செயற்கூறுக்கும் இவ்வசதி நீண்டது. வாசிப்பவருக்கு இதில் கிடைக்கும் பயன் பெரிது. பிழை வந்தால் வெளியேறக்கூடிய வரிகள் அனைத்தும் ஓர் எழுத்தால் அடையாளமிடப்பட்டிருக்கின்றன; நிரலின் இயல்பான ஓட்டமும் குலையாமல் இருக்கிறது. எக்ஸெப்ஷன் முறை தரும் சுருக்கமும், திருப்புமதிப்பு முறை தரும் வெளிப்படைத்தன்மையும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்தக் குறியால்தான்.

அது இன்னொரு வேலையையும் ஓசையின்றிச் செய்கிறது. மேலே கடத்தும் முன் பிழையின் வகையை, அந்தச் செயற்கூறு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கும் வகைக்கு மாற்றிக்கொள்கிறது. இதற்கு ஃப்ரம் என்னும் டிரெய்ட் (ஒரு வகை செய்யவேண்டிய வேலையின் வரையறை) உதவுகிறது. கோப்பைப் படிக்கும்போது வரும் பிழை ஒரு வகை, எழுத்தை எண்ணாக மாற்றும்போது வரும் பிழை வேறொரு வகை என்றாலும், இரண்டுக்கும் ஃப்ரம் எழுதப்பட்டிருந்தால் ஒரே செயற்கூறில் இரண்டையும் கேள்விக்குறியால் கடத்தலாம். எழுதும்போது இது மிகவும் இனிமையான வசதி. பின்னால் இதே வசதிதான் தலைவலியாக மாறுகிறது என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

இத்தொகுப்பின் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன். ஒரு சேவை தொடங்கும்போது மூன்று அமைப்புக் கோப்புகளைப் படிக்கிறது என்று கொள்வோம். அதன்பின் ஒரு சான்றிதழ்க் கோப்பைத் திறந்து, பதிவுக் கோப்பையும் உருவாக்குகிறது. எல்லா இடத்திலும் கேள்விக்குறி இடப்பட்டிருக்கிறது. கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. மறுஆய்விலும் நிரல் அழகாகவே தெரிகிறது. இப்போது அதை வேறொரு கணினியில் இயக்கினால், அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை, இயங்குதளப் பிழை எண் 2 என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறது. எந்தக் கோப்பு? தரநூலகம் தரும் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை தான் தடுக்கி விழுந்த கோப்பின் பாதையைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. இயங்குதளம் தந்த எண்ணையும் அதற்குரிய பொதுவான விளக்கத்தையும் மட்டுமே வைத்திருக்கிறது. பாதையை நகலெடுத்து வைப்பதற்கு நினைவக ஒதுக்கீடு தேவைப்படும், எல்லோரும் அந்தச் செலவை விரும்பமாட்டார்கள் என்ற நியாயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. நியாயம் சரிதான். ஆனால் இரவு நேரத்தில் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது உதவுவதில்லை. பாதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதற்காகவே தரநூலகத்தின் கோப்புச் செயற்கூறுகளை அப்படியே மறுபதிப்பு செய்த ஒரு கிரேட் இருக்கிறது. அப்படியொன்று தேவைப்பட்டதே இந்தக் குறைக்கு நல்ல சான்று.

கேள்விக்குறி, தான் எந்த வரியில் பிழையைக் கடத்தியது என்பதையும் பதிந்து வைப்பதில்லை. பிழை என்பது இங்கே சாதாரண மதிப்பு. அது ஐந்து செயற்கூறுகளைத் தாண்டி மேலே வந்தாலும், வந்த வழியின் தடம் எதுவும் அதன்மேல் ஒட்டியிருக்காது. ஸிக் மொழியை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கும் பிழை ஒரு மதிப்புதான். ஆனால் பிழை ஒவ்வொரு செயற்கூறிலிருந்தும் திரும்பும்போது அந்த இடத்தைக் கம்பைலரே குறித்துக்கொண்டு, பிழைத்திருத்தத்துக்கான தொகுப்புகளில் முழுப் பாதையையும் அச்சிட்டுக் காட்டுகிறது. மறுபுறம், ஸிக் மொழியின் பிழை வெறும் பெயர் மட்டுமே. அதனுள் கூடுதல் விவரம் எதையும் ஏற்றி அனுப்ப முடியாது. ரஸ்டில் விவரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், தடம்தான் கிடையாது. இரண்டையும் ஒருங்கே தரும் மொழி கிடைத்தால் மகிழ்வேன். ரஸ்டின் தரநூலகத்தில் அழைப்புத்தடம் எடுக்கும் வகை 2022 நவம்பரில், 1.65 பதிப்பில்தான் நிலைபெற்றது. அதையும் நாமாகப் பிழைக்குள் வைத்துக்கட்ட வேண்டும். சூழல் மாறியைப் போட்டிருந்தால் அல்லாமல் வழக்கமான முறையில் அது எதையும் பதியாது.

இந்த இடத்தில்தான் எனிஹவ் கிரேட் தன் இடத்தைப் பிடித்தது. 2019ஆம் ஆண்டு டேவிட் டோல்னே வெளியிட்ட இந்த கிரேட், எந்தப் பிழையையும் ஒரே வகைக்குள் அடைத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமாக, கான்டெக்ஸ்ட் என்னும் முறையை ரிசல்ட் வகைக்குச் சேர்க்கிறது. கோப்பைத் திறக்கும் அழைப்புக்கும் கேள்விக்குறிக்கும் இடையே, சான்றிதழ்க் கோப்பு இன்ன பாதையிலிருந்து படிக்கப்படவில்லை என்று ஒரு சொற்றொடரைச் செருகிவிடலாம். பிழை மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் தன் சொற்றொடரைச் சேர்க்கிறது. இறுதியில் சேவை தொடங்கவில்லை, காரணம் மறையாக்க அமைப்பு தோற்றது, காரணம் சான்றிதழ்க் கோப்பு படிக்கப்படவில்லை, காரணம் அப்படியொரு கோப்பு இல்லை என்று நான்கு அடுக்கில் செய்தி கிடைக்கிறது. இப்படி எழுதப்பட்ட பிழைச்செய்தியைப் படித்துவிட்டு, மூலநிரலைத் திறக்காமலேயே சிக்கலைத் தீர்த்துவிடலாம். சொற்றொடரை உருவாக்குவதற்குச் செலவாகும் என்றால், தோல்வி நேரும்போது மட்டும் அதை உருவாக்கும் இன்னொரு வடிவமும் உண்டு. பாதை போன்றவற்றைச் செய்தியில் சேர்க்கும்போது அந்த வடிவத்தையே பயன்படுத்துவது நல்லது.

ஆனால் கான்டெக்ஸ்டை யார் எழுதுவது? எழுதாவிட்டாலும் நிரல் தொகுக்கப்படுகிறது, இயங்குகிறது, சோதனைகளும் தேறுகின்றன. கோ மொழியை இகழ்பவர்கள், ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் பிழை வெறுமையா என்று மூன்று வரி எழுத வேண்டியிருப்பதைக் காட்டி நகைப்பார்கள். அந்த மூன்று வரி சலிப்பூட்டுவது உண்மைதான். 2019ஆம் ஆண்டு அதைச் சுருக்கக் கொண்டுவந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. 2025 ஜூன் மாதம் அம்மொழிக் குழு, பிழை கையாளலுக்கான புதிய தொடரமைப்பு எதையும் இனி முனைந்து தேடப்போவதில்லை என்று அறிவித்தும்விட்டது. ஆனாலும் அந்த மூன்று வரிகளின் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. எப்படியும் அங்கே எதையோ தட்டச்சு செய்யத்தான் வேண்டும் என்பதால், கோ நிரலர்கள் அந்த இடத்தில் ஒரு விளக்கச் சொற்றொடரைச் சேர்த்துப் பிழையைச் சுற்றிக் கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள். 2019ஆம் ஆண்டின் 1.13 பதிப்பு அதற்கு முறையான வசதியும் தந்தது. ரஸ்டில் அந்த வெற்றிடமே இல்லை. ஒரு விசையைத் தட்டினால் வேலை முடிந்துவிடுகிறது. எனவே, சராசரி கோ சேவையின் பதிவுகள் சராசரி ரஸ்ட் சேவையின் பதிவுகளைவிடப் படித்தறிய எளிதாக இருக்கின்றன என்பது, இரண்டையும் பார்த்த அளவில் என் கணிப்பு. ரஸ்ட் ஆர்வலர்களுக்கு இது கசக்கலாம்.

எனிஹவ் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரணக் காட்சி வடிவில் அச்சிட்டால் அது மேலடுக்குச் சொற்றொடரை மட்டுமே காட்டும். நான்கு அடுக்கும் தெரிய வேண்டுமென்றால் மாற்று வடிவத்தையோ பிழைத்திருத்த வடிவத்தையோ கேட்டுப் பெற வேண்டும். கான்டெக்ஸ்ட் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிய ஒரு குழு, பதிவு செய்யும் வரியில் சாதாரண வடிவத்தைப் பயன்படுத்தினால், சேவை தொடங்கவில்லை என்ற மேல்வரி மட்டும் பதிவாகி, மற்ற மூன்று அடுக்கும் காற்றில் கரைந்துவிடும். ஏன் இப்படி என்றால், சுட்டிக்காட்டும் மூலப்பிழையை சோர்ஸ் என்னும் முறை வழியாகத் தருகிற வகை, அதே பிழையைத் தன் சொற்றொடருக்குள் மீண்டும் எழுதக்கூடாது என்பது ரஸ்ட் உலகில் ஏற்கப்பட்ட நெறி. நெறி நல்லதே, அதைப் பின்பற்றாத வகைகளில் ஒரே செய்தி இருமுறை அச்சாவதைக் காணலாம். ஆனால் புதியவர் ஒருவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நடைமுறையில் பலர் அதை அறிந்துகொள்வது, தேவையான தகவல் பதிவில் இல்லாத நாளில்தான்.

நூலகம் எழுதுபவர்களுக்கு எனிஹவ் பொருந்தாது. தங்கள் நூலகத்தைப் பயன்படுத்துவோர் பிழையின் வகையைப் பிரித்துப் பார்த்து, இது காலக்கெடு முடிந்ததால் வந்தது, மறுமுறை முயலலாம், இது அனுமதி இல்லாததால் வந்தது, முயன்று பயனில்லை என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பெயரிடப்பட்ட வடிவங்களைக் கொண்ட ஈனம் (enum) வகை தேவை. அதைக் கையால் எழுதினால் காட்சிச் சொற்றொடர், மூலப்பிழை, வகைமாற்றம் என்று பக்கம் நிறைந்துவிடும். திஸ்எரர் அவற்றைச் சில குறிப்பு வரிகளிலிருந்து தானாக உருவாக்கித் தருகிறது. அது உருவாக்கும் நிரலும் நீங்கள் கையால் எழுதியிருக்கக்கூடியதேதான். உங்கள் நூலகத்தின் வெளிமுகத்தில் அந்த கிரேட்டின் பெயர் எங்கும் தெரியாது. இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அதில் ஃப்ரம் என்னும் குறிப்பைத் தாராளமாகப் பயன்படுத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மூலவகைக்கு ஒரேயொரு வகைமாற்றம்தான் இருக்க முடியும். ஆகவே உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைக்கு ஒரு வடிவம் ஒதுக்கி ஃப்ரம் குறிப்பை இட்டுவிட்டால், அமைப்புக் கோப்பைப் படிக்கையில் வந்த தோல்வி, தரவை வட்டில் எழுதுகையில் வந்த தோல்வி, வலையிணைப்பில் வந்த தோல்வி மூன்றும் கேள்விக்குறி வழியே அந்த ஒரே வடிவத்துக்குள் போய் விழும். வகை இருக்கிறது, பெயர் இருக்கிறது, பொருள் இல்லை. அழைத்தவர் அறிய விரும்புவது எந்த நூலகம் உள்ளே தோற்றது என்பதை அல்ல. தாம் கேட்ட எந்தப் பணி நிறைவேறவில்லை என்பதையே. பணியின் பெயரால் வடிவங்களை அமைத்து, ஒவ்வோர் இடத்திலும் பிழையை மட்டும் மாற்றித் தரும் மேப் எர் என்னும் முறை கொண்டு வெளிப்படையாக மாற்றினால் இந்தக் குழப்பம் நீங்கும். ஆனால் கேள்விக்குறி தந்த சுருக்கம் அதோடு போய்விடும். பெரிய திட்டங்களில் நாற்பது ஐம்பது வடிவங்கள் கொண்ட ஒரே பிழைவகை உருவாகி, எல்லாச் செயற்கூறும் அதையே திருப்பித் தருவதையும் காணலாம். எந்தச் செயற்கூறு உண்மையில் எந்தப் பிழையைத் தரக்கூடும் என்பது அங்கே கையொப்பத்திலிருந்து தெரியாது. எக்ஸெப்ஷன் முறையின்மேல் சொன்ன குற்றச்சாட்டு வேறு உடையில் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த கிரேட்டுகள் இன்று நிலையாகத் தோன்றினாலும், பாதை அவ்வளவு சீராக இருக்கவில்லை. எரர் செயின், ஃபெயிலியர் என்று முன்னர் பரவலாக இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக ஓரங்கட்டப்பட்டன. ஃபெயிலியரைச் சார்ந்து எழுதியவர்கள், தரநூலகத்தின் எரர் டிரெய்ட் அதன் வழியில் மேம்பட்டபோது தங்கள் நிரல்களை மாற்றியெழுத வேண்டியதாயிற்று. அந்த எரர் டிரெய்ட் இயங்குதளமற்ற சூழல்களுக்கான மையநூலகத்துக்குள் வந்தது 2024 செப்டம்பரின் 1.81 பதிப்பில்தான். நுண்கட்டுப்படுத்திகளுக்கு எழுதுபவர்கள் அதுவரை மாற்று வழிகளில் காலம் தள்ளினார்கள். அமைப்புநிலை மொழி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒன்றுக்கு ஒன்பது ஆண்டுத் தாமதம் சற்று அதிகம்தான்.

பேனிக் என்பது இக்கருவித்தொகுப்பின் மறுபக்கம். நிரலரின் தவறால் மட்டுமே நேரக்கூடியவற்றுக்கு, அதாவது அணியின் எல்லையைத் தாண்டிய குறியெண், ஒருபோதும் நிகழாது என்று நம்பிய நிலை போன்றவற்றுக்கு, ரிசல்டைத் திருப்பாமல் அந்த இழையையே (நிரலின் அந்த ஓட்டத்தையே) நிறுத்திவிடுவது சரியான முடிவு. தவறான தரவோடு தொடர்வதைவிட நிற்பது மேல். இந்தப் பிரிவினை தெளிவானது. அதைக் கலைப்பது அன்ராப். ரிசல்டுக்குள் வெற்றி இருந்தால் மதிப்பைக் கொடு, இல்லையென்றால் பேனிக் ஆகிவிடு என்பதுதான் அதன் பொருள். முன்மாதிரி எழுதும்போதும் சோதனைகளிலும் அது மிக வசதியானது. பிறகு அந்த வரிகள் உற்பத்திச் சூழலுக்கும் கூடவே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

2025 நவம்பர் 18 அன்று பல இணையதளங்களின் போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வலையமைப்பில் நேர்ந்த பெரும் முடக்கம் இதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு. அந்நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தின்படி, தரவுத்தள அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால் ஒரு வினவல் இரட்டை வரிகளைத் திருப்பித் தந்தது. தானியங்கி நிரல்களை அடையாளம் காணும் பகுதி பயன்படுத்தும் கோப்பு அதனால் இருமடங்காகப் பெருத்தது. அக்கோப்பில் ஏறத்தாழ 60 கூறுகளே பயன்பாட்டில் இருந்தன. 200 என்ற வரம்பை முன்கூட்டியே நினைவகம் ஒதுக்கும் பொருட்டு வைத்திருந்தார்கள். வரம்பு மீறப்பட்டதை அந்த ரஸ்ட் நிரல் ஒழுங்காகக் கண்டுபிடித்து எர் வடிவில் திருப்பியது. அதை வாங்கிய இடத்தில் அன்ராப் இருந்தது. இழை பேனிக் ஆனது. உலகெங்கும் பயனர்களுக்கு 5 என்ற எண்ணில் தொடங்கும் சேவையகப் பிழைகள் வரத்தொடங்கின. அந்தக் கோப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி உருவாக்கப்பட்டதாலும், சில முறை நல்ல கோப்பும் சில முறை கெட்ட கோப்பும் வந்ததாலும், சேவை மீள்வதும் விழுவதுமாக இருந்தது. தொடக்கத்தில் அதைத் தாக்குதல் என்றே ஐயுற்றார்கள்.

இந்நிகழ்வை வைத்து ரஸ்ட் மொழியே தோற்றுவிட்டது என்று எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை. வரம்பை மீறிய தரவு நினைவகத்தை மீறி எழுதாமல் நின்றது. பிழை மதிப்பாகத் திரும்பியது. மொழி தன் பங்கைச் செய்தது. அன்ராப் வேண்டாம் என்று பிழையைக் கேள்விக்குறியால் மேலே கடத்தியிருந்தாலும், மேலே அதை வாங்குபவர் பழைய கோப்பைக் கொண்டே தொடரலாம் என்று முடிவெடுத்திருந்தால் அல்லாமல் நிலைமை பெரிதாக மாறியிருக்காது. பிழை எங்கே கையாளப்பட வேண்டும், கையாள்வது என்றால் என்ன என்பதை வடிவமைப்பில் தீர்மானிப்பது எந்தத் தொடரமைப்பாலும் ஆகாத வேலை. எனினும் மொழியின்மேல் ஒரு குறை சொல்லலாம். அன்ராப் என்ற சொல் மிகச் சாதாரணமாக ஒலிக்கிறது. கேள்விக்குறிக்கு அடுத்து எளிதாகக் கைக்கு எட்டுவதும் அதுவே. எக்ஸ்பெக்ட் என்னும் மாற்று, ஏன் இங்கே தோல்வி நேராது என்ற காரணத்தை எழுதச் சொல்கிறது. அந்தக் காரணத்தை எழுத முடியாவிட்டால் அந்த இடத்தில் பேனிக் பொருந்தாது என்று கொள்ளலாம். கிளிப்பி என்னும் சோதனைக் கருவியில் அன்ராப் பயன்பாட்டைக் கண்டிக்கும் விதி இருக்கிறது, ஆனால் இயல்பாக அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சேவை எழுதும் குழுக்கள் சோதனை நிரல்களுக்கு விலக்களித்துவிட்டு மற்ற இடங்களில் அதை இயக்கி வைப்பது நல்லது.

பிழை தொலைவதே இல்லை என்று நம்பிவிடவும் கூடாது. ஒரு மதிப்பின் ஆயுள் முடியும்போது தானாக ஓடும் டிராப் எதையும் திருப்பித் தர முடியாது. இடையகத்தில் எழுதும் பஃப்ரைட்டர் கைவிடப்படும்போது மிச்சத்தை எழுத முயலும். அம்முயற்சி தோற்றால் அப்பிழை விழுங்கப்படும். கோப்பை மூடும்போது வரும் பிழையும் அவ்வாறே. வட்டு நிரம்பிய நிலையில், எல்லா வரியிலும் கேள்விக்குறி இட்ட நிரல் வெற்றி என்று அறிவித்துவிட்டு அரைகுறைக் கோப்பை விட்டுச் செல்லக்கூடும். ஃப்ளஷ் அழைப்பையும், தரவு வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் சிங்க் ஆல் அழைப்பையும் வெளிப்படையாக எழுதி, அவற்றின் விளைவைச் சோதிப்பதே வழி. ஆவணத்தில் இது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கம்பைலர் மட்டும் வாய் திறப்பதில்லை. மற்றெல்லா இடத்திலும் கறாராக இருக்கும் கம்பைலர் இங்கே காக்கும் மௌனம் எனக்கு உறுத்துகிறது.

சிறியவை சில. மெயின் செயற்கூறு பிழையைத் திருப்பினால் அது பிழைத்திருத்த வடிவில் அச்சாகிறது; தரநூலகப் பிழைகளுக்கு அது சுருள் அடைப்புகளோடு கூடிய உள்ளமைப்புப் படம்போல இருக்கும், பயனருக்குக் காட்டத்தக்கதன்று. குளோஷருக்குள் (பெயரில்லாச் செயற்கூறுக்குள்) இடும் கேள்விக்குறி குளோஷரிலிருந்து மட்டுமே வெளியேறும். அசிங்க் தொகுதிகளில் பிழையின் வகையைக் கம்பைலரால் ஊகிக்க முடியாமல் நாமே வலிந்து எழுத வேண்டியிருக்கும். மாறாக, பல ரிசல்டுகளைக் கொண்ட வரிசையை ஒரே கலெக்ட் அழைப்பில் ஒரு ரிசல்டாகத் திரட்டி, முதல் பிழையிலேயே நின்றுவிடும் வசதி மிக நேர்த்தியானது. வேறு மொழிக்குப் போகும்போது நான் தேடுவது இதைத்தான். வேகத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை, ஆனால் பிழைவகை பெருத்தால் வெற்றிப்பாதையும் அந்த அளவைச் சுமக்கும். 128 பைட்டைத் தொட்டால் கிளிப்பி எச்சரிக்கும், பாக்ஸ் என்னும் சுட்டிவகைக்குள் அடைத்துவிட்டால் தீர்ந்தது.

புதிதாகத் தொடங்கும் சேவைக்கோ கட்டளைவரிக் கருவிக்கோ எனிஹவ் போதும். ஆனால் கோப்பு, வலையிணைப்பு, வெளிச்செயலி ஆகியவற்றைத் தொடும் வரி எதுவும் கான்டெக்ஸ்ட் இல்லாமல் மறுஆய்வைத் தாண்டக்கூடாது என்ற விதியைக் குழுவில் முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். நூலகம் எழுதுபவர்கள் திஸ்எரர் எடுத்துக்கொண்டு, ஃப்ரம் குறிப்பைச் சிக்கனமாக இட்டு, பின்னாளில் வடிவங்களைச் சேர்க்க இடம் விட்டு, நான்-எக்ஸாஸ்டிவ் (non_exhaustive) குறிப்பையும் போட்டுவிடுவது நல்லது. ஒரு செயற்கூறின் நடுவே சில வரிகளின் பிழைகளை மட்டும் ஓரிடத்தில் திரட்டிக் கையாள உதவும் டிரை தொகுதி, அதற்கான சொல் 2018 எடிஷனிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டும் நெடுங்காலமாகச் சோதனைப் பதிப்பிலேயே கிடக்கிறது. அது நிலைபெற்றால் ஒரு தொகுதிக்கு ஒரு கான்டெக்ஸ்ட் என்று எழுதலாம். அதுவரை அந்த வரிகளைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து, அதை அழைக்கும் இடத்தில் கான்டெக்ஸ்டை வைப்பதே கையிலிருக்கும் வழி.